வயதான நாயின் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஆம் தேதியையொட்டி நடக்கும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களைப் பற்றியும் தெருநாய்த் தொல்லையைப் பற்றியும் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பு தவறாமல் எழுதிவருகிறது. அந்த முகாம்களுக்குக் குட்டியாகத் தூக்கிவரப்படும் நாய்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நம் வீடுகளில் இருந்து மூப்படைகின்றன என்பதும், அந்த மூப்பில் அவற்றுக்கும் சுரப்பிக் கோளாறுகள் வருகின்றன என்பதும் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. எங்கள் வீட்டு ஜூலிக்கு வயது 11, டாஷண்ட் இனம். அதற்குக் குஷிங் நோய் இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் ஐயப்படுகிறார்; முடிவான பரிசோதனை இனிமேல்தான். இந்த இடைக்காலத்தில் நாங்கள் விசாரித்து அறிந்தவற்றையும், நம் பகுதியில் பல வீடுகளில் நடப்பதாகக் கேள்விப்படும் ஒரு காரியத்தையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சிறுநீரகங்களை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதே இந்நோய். அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் மனிதர்களிடம் இதை விவரித்து 1932-இல் எழுதிய கட்டுரையால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நாய்களுக்கு இயல்பாக வரும் குஷிங் நோயில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாகும், பெரும்பாலும் மிகச் சிறியதான கட்டியால் வருவது. எஞ்சியது அட்ரீனல் சுரப்பியிலேயே வரும் கட்டியால் வருவது. இவ்விரண்டும் இல்லாமல், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் கொடுத்ததனாலேயே அதே அறிகுறிகள் அத்தனையும் தோன்றும் மூன்றாவது வகையும் உண்டு. நம் ஊர் நிலவரத்தில் அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் சத்தமில்லாமல் வருகிறது. நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் பெய்யும், எவ்வளவு போட்டாலும் தின்னும், வயிறு தொங்கும், காரணமின்றி இரைக்கும், இரண்டு விலாவிலும் ஒன்றுபோல முடி கொட்டும், தோல் மெலிந்து அடிவயிற்றில் ரத்தக்குழாய்கள் தெரியும். இவற்றில் எதுவுமே தனியாகப் பார்த்தால் நோயாகத் தோன்றாது என்பதுதான் சங்கடம். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு நாய் இரைப்பதையும் தண்ணீர் குடிப்பதையும் யார் வித்தியாசமாக நினைப்பார்கள்? கார்த்திகை மாத அடைமழையிலும் ஜூலி மின்விசிறிக்குக் கீழே வந்து கிடந்து இரைத்தபோதுதான் எங்களுக்கு ஐயம் தட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி, இனி இப்படித்தான் கெடக்கும்" என்றார். சொந்தக்காரர் ஒருவரோ, "நல்லாத் தின்னுதுல்லா, பெறகு என்ன சீக்கு?" என்று கேட்டார். தின்கிற நாய்க்கு நோயில்லை என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. இந்த நோயிலோ பசியே அறிகுறியாக நிற்கிறது. வயிறு பெருப்பதும் சதை பிடிப்பதால் அல்ல. கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, ஈரல் பெருக்கிறது, வயிற்றுத் தசை வலுவிழக்கிறது, அதனால் வயிறு தொங்குகிறது. அதே நேரத்தில் தொடைச் சதை கரைந்துகொண்டிருக்கும். வாசற்படியைத் தாவி ஏறிய நாய் படிக்குக் கீழே நின்று நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால், அதை முதுமை என்று ஒதுக்கிவிடாமல் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இந்தக் கடிதத்துக்கு முதற்காரணமான செய்தி இனி வருவது. இத்தனை நாள் ஒழுக்கமாக இருந்த நாய் பட்டாசலிலேயே மூத்திரம் பெய்துவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. அதற்குப் பல வீடுகளில் செய்யப்படும் வைத்தியம், மாலையானதும் தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்து வைப்பதும், நாயைப் புறவாசலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதும் ஆகும். நிறையக் குடிப்பதால்தான் நிறையப் பெய்கிறது என்று நினைத்து இப்படிச் செய்கிறார்கள். குஷிங் நோயில் நடப்பது நேர்மாறானது. சிறுநீரைச் செறிவாக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோனின் வேலையை மிகுதியான கார்டிசால் கெடுத்துவிடுவதால், உடம்பில் நிற்க வேண்டிய நீர் சிறுநீராக ஓடிவிடுகிறது. ஓடிப்போனதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. சட்டியை எடுத்துவிட்டால் வெளியேறுவது நிற்காது, உள்ளே போவது மட்டும்தான் நிற்கும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாயாக இருந்துவிட்டால் ஒரு கோடைக்கால இரவே அதற்கு ஆபத்தாகிவிடும். ஆகையால் எந்த நோய் என்று தெரியாத வரையில், தெரிந்த பிறகும்கூட, மருத்துவர் சொல்லாமல் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. படுக்குமுன் ஒருமுறையும் விடிவதற்குள் ஒருமுறையும் வெளியே கூட்டிப்போவதும், படுக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் துவைக்கக்கூடிய பழைய வேட்டியைப் போடுவதும் போதும். கொஞ்சம் துவைப்பு வேலை கூடும், அவ்வளவுதான்.

தண்ணீர் அதிகம் குடிக்கும் வயதான நாயெல்லாம் குஷிங் நாய் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகம் பழுதாவது, ஈரல் நோய், சில வகைப் புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் இதே தாகம் உண்டு. எல்லாவற்றிலும் அவசரமானது கருப்பையில் சீழ் கட்டுவது. கருத்தடை அறுவை செய்யாத பெண் நாய் பருவத்துக்கு வந்துபோன சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, தீனியை ஒதுக்கி, சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சீழ் வெளியே வடிந்தால்தான் நோய் என்று காத்திருக்கக் கூடாது, ஏனெனில் கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஜூலிக்குச் சிறுவயதிலேயே அந்த அறுவை செய்துவிட்டதால் மருத்துவர் அதை முதலிலேயே விலக்கிவிட்டார்.

எங்களிடம் மருத்துவர் முதலில் கேட்டது ரத்தமல்ல, தண்ணீர்க் கணக்குதான். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து சட்டியில் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்துக் கழித்தால் ஒரு நாள் கணக்கு கிடைத்துவிடும். வாளித் தண்ணீரையும் குளியலறைத் தரையையும் நாய் நக்காதபடி அன்றைக்குக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இந்தக் கணக்கு தேறாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி என்பது சாதாரணம். 100 மில்லியைத் தாண்டினால் கட்டாயம் விசாரிக்க வேண்டிய தாகம். ஜூலியின் எடை 9 கிலோ. பாட்டில் முழுவதும் காலியாகி மேற்கொண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. இதற்குக் காசு செலவில்லை, ஊசியில்லை, நாய்க்குத் துன்பமுமில்லை. நோயா இல்லையா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும் நாட்களில் கைக்கு ஒரு வேலை இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தோம்.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "இதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்களா, எந்த மருந்து, எத்தனை முறை?" என்றார். உண்ணிக் கடியாலும் சொறியாலும் அரிப்பெடுத்த காலங்களில் ஜூலியை ஒரு தனியார் மருத்துவரிடம் கொண்டுபோவது வழக்கம். ஊசி போட்ட அன்றே அரிப்பு நின்றுவிடும். கேட்டபோதெல்லாம் "அலர்ஜி ஊசி" என்ற விடைதான் கிடைத்தது. சீட்டில் அடுத்த தடுப்பூசித் தேதியைத் தவிர வேறொன்றும் எழுதித் தரப்படவில்லை. நல்ல மருத்துவர் கையில் ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து. அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் எந்த மருந்து எவ்வளவு உடம்புக்குள் போயிற்று என்பது எழுத்தில் இல்லாவிட்டால், வந்திருப்பது உண்மையான குஷிங்கா, மருந்தால் வந்த குஷிங்கா என்று பிரித்தறிவது பின்னால் வரும் மருத்துவருக்குப் பெரும்பாடாகிவிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. மருந்தால் வந்ததென்றால் அந்த மருந்தை மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே வைத்தியம்; பயந்துபோய் நாமாகச் சட்டென்று நிறுத்தினால், சொந்தமாகச் சுரக்க மறந்துபோன அட்ரீனல் கைவிட்டு நாய் சுருண்டு விழுந்துவிடும்.

ஊசி மட்டுமல்ல, காதுச் சொட்டு மருந்துகளிலும் கண் மருந்துகளிலும் படர்தாமரைக்கென்று கடைகளில் வாங்கும் பல களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அவற்றில் பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-இலேயே சேர்த்துவிட்டது; இருந்தும் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டில் மனிதருக்கு வாங்கியதில் மிச்சமானதை நாய்க்குத் தடவுவதும், தடவியதை நாய் நக்கி விழுங்குவதும் சாதாரணமாக நடக்கிறது. முடி கொட்டிய நாய்க்குக் கழிவு எஞ்சின் ஆயில் பூசும் பழக்கத்தைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அது நஞ்சு, மெலிந்துபோன தோலில் பூசினால் இன்னும் கேடு. குஷிங் நோயில் முடி கொட்டினாலும் அரிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை என்ற செய்தி இங்கே உதவும். ஓயாமல் சொறிகிற நாய் என்றால் முதலில் உண்ணியையும் சொறிப்பூச்சியையும் தேட வேண்டும்.

பரிசோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைக் குலைத்தால் பணமும் போகும், விடையும் பிழையாகும். முதலில் பொது ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும். ரத்தத்தில், ஈரல் முதலிய உறுப்புகளில் உண்டாகும் ஏ.எல்.பி. என்னும் நொதி மிகுந்திருப்பது குஷிங் நாய்களில் அடிக்கடி காண்பது. ஆனால் அது வேறு பல காரணங்களாலும் கூடும். ஜூலியின் சீட்டில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு "ஈரல் போயிட்டு" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். தைராய்டு எண்ணும் இப்படித்தான் ஆளை ஏய்க்கும்: வேறு நோய் எதனாலாவது உடம்பு சோர்ந்திருந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும், குஷிங் நோயிலேயேகூட டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு குறைந்து காட்டும் என்பதால், அந்த ஒற்றை எண்ணை வைத்து ஆயுள் முழுதும் தைராய்டு மாத்திரை கொடுக்கத் தொடங்குவது சரியல்ல.

அடுத்தது விடியற்காலைச் சிறுநீரில் கார்டிசாலுக்கும், கிரியேட்டினின் என்னும் உடற்கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. இது இயல்பாக இருந்தால் குஷிங் இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியடையலாம். கூடியிருந்தால் மட்டும் நோய் உறுதி என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனைக்குப் போகும் பதற்றமே கார்டிசாலைக் கூட்டிவிடும் என்பதால் சிறுநீரை வீட்டிலேயே பிடிக்க வேண்டும். நிலத்தை ஒட்டி நடக்கும் டாஷண்ட் பெண் நாயிடம் டப்பாவை நீட்டிப் பிடிப்பது நடக்காத காரியம். வாசலில் அது உட்காரும் கணத்தில் பின்னாலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் தட்டைத் தள்ளி, பிடித்ததை மருந்துக்கடையில் விற்கும் சுத்தமான டப்பாவுக்கு மாற்றினோம். அந்த டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்க என் மனைவி அனுமதிக்கவில்லை. ஐஸ் கட்டி போட்ட டிபன் கேரியரில்தான் அது ஆய்வகத்துக்குப் போயிற்று. பணிக்காலமெல்லாம் நாய்களுக்குப் பயந்து சைக்கிள் மிதித்த ஓய்வுபெற்ற தபால்காரன், விடியலில் ஒரு நாயின் பின்னால் தட்டேந்தி நின்றதைத் தெருவே பார்த்துச் சிரித்தது.

அதற்கும் பிறகுதான் குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. காலையில் ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை, எட்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று மீண்டும் எடுக்கிறார்கள். நல்ல உடம்பு அந்த ஊசிக்குக் கட்டுப்பட்டுத் தன் கார்டிசாலைக் குறைத்துக்கொள்ளும். குஷிங் உடம்பு கட்டுப்படாது. மருந்தால் வந்த குஷிங்கா என்று அறிய இது உதவாது, அதற்கு, அட்ரீனலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை ஊசியாகப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும் வேறொரு பரிசோதனை இருக்கிறது. வயிற்று ஸ்கேனில் ஒரு பக்க அட்ரீனல் மட்டும் பெருத்து மறுபக்கம் சுருங்கியிருந்தால் அட்ரீனல் கட்டி என்றும், இரண்டும் பெருத்திருந்தால் பிட்யூட்டரி வகை என்றும் ஊகிக்கலாம். வேறு நோயால் படுத்திருக்கும் நாய்க்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்தால் இல்லாத குஷிங் இருப்பதுபோலக் காட்டிவிடும். ஆகவே ஜூலியின் மூத்திரக் கிருமித்தொற்றைத் தீர்த்த பிறகே எட்டு மணி நேரப் பரிசோதனை என்று மருத்துவர் தள்ளி வைத்திருக்கிறார். அவசரப்படாத அந்த மருத்துவர்மேல் எங்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

நோய் உறுதியானால் மறுநாளே மாத்திரை தொடங்கியாக வேண்டும் என்பதுமில்லை. நாயைத் தொந்தரவு செய்யும் அறிகுறிகளுக்காகத்தான் வைத்தியமே தவிர ஆய்வுச்சீட்டின் எண்ணுக்காக அல்ல. அறிகுறி லேசாக இருந்தால் கவனித்துக்கொண்டே காலம் தள்ளுவதும் மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் வழிதான். பிட்யூட்டரி வகைக்கு இப்போது பெரும்பாலும் கொடுக்கப்படுவது டிரைலோஸ்டேன் என்னும் மருந்து. அது கார்டிசால் உற்பத்தியைக் குறைக்கும், நோயை வேரோடு எடுக்காது. எனவே ஆயுள் முழுதும் தீனியோடு கொடுக்க வேண்டும். தொடங்கிய பத்து, பதினான்கு நாட்களிலும், ஒரு மாதத்திலும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை விலையை மட்டும் கேட்டுக்கொண்டு இந்தப் பரிசோதனைச் செலவைக் கணக்கில் விட்டுவிட்டால் நடுவில் தவிக்க நேரும். ஓய்வூதியத்தில் வாழும் என்னைப் போன்றவர்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் முதலிலேயே மாதச் செலவைக் கேட்டுவிடுவது நல்லது. மருந்து தொடங்கிய நாய் தீனியை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிற்றால் போனாலோ, துவண்டு படுத்தாலோ மாத்திரையை அத்தோடு நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கிவிட்டதன் அறிகுறி அது. கேப்சூலை உடைத்துப் பாதியாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் வீடுகளில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தாகமும் பசியும் சில வாரங்களில் அடங்கும். முடி வளர மாதங்கள் ஆகும். மருந்து தொடங்குமுன் மிகுந்த கார்டிசால் அமுக்கி வைத்திருந்த மூட்டுவலி வெளிப்பட்டு நாய் நொண்டவும் கூடும். அதைக் கண்டு மருந்தைக் குறைசொல்லி நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு பாக்கியம், இராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் என்னென்ன ஹார்மோன் பரிசோதனைகள், எந்தக் கிழமையில், என்ன கட்டணத்தில் செய்யப்படுகின்றன என்பதைப் பலகையில் எழுதி வைப்பதோடு நாளிதழ்களிலும் அறிவிக்குமாறு கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பாபநாசத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் வாடகை ஆட்டோ பிடித்து நாயைத் தூக்கிவருபவருக்கு, எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வந்து நின்ற பிறகு தெரிவதில் பயனில்லை. அப்படிக் காத்திருக்கும் வயதான நாய்களுக்கு, மற்ற நாய்களின் குரைப்புச் சத்தம் எட்டாத நிழலான ஓரிடம் ஒதுக்கப்படுமானால் பரிசோதனையின் விடையும் பிழையில்லாமல் வரும்.

மாவட்டத்தில் உள்ள கால்நடை மருத்துவர்கள் அனைவருக்கும், அரசு மருத்துவர்களானாலும் தனியாரானாலும், எனது வேண்டுகோள் ஒன்றே: போடும் ஊசியின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலாவது எழுதிக் கொடுங்கள். நாய் வளர்ப்போரும் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். தெளிவாக எழுதாவிட்டால் மருந்துக் குப்பியின் மேலட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் கால்நடைப் பகுதியில் கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றோடு வயதான நாய்களுக்கும் இடையிடையே இடம் கொடுத்து, கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு இந்தச் சுரப்பி நோய்களைப் பற்றி எழுதச் செய்தால் பலருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.